கேள்வியில் தொடங்கி மௌனத்தில் நிறைந்த வாழ்வு
(புனித தோமா அக்குவினாஸ் வரலாறு)

விதை முளைப்பதற்கு மண்ணும் வேண்டும், நீரும் வேண்டும். மண் பெரிதா, நீர் பெரிதா என்று எந்த உழவரும் வழக்காடுவதில்லை. ஆனால் இறைவனை அறிவதற்கு மௌனம் வேண்டுமா, கேள்வி வேண்டுமா என்று எங்கள் பத்தாம் வகுப்பில் இவ்வாண்டு ஒரு பெரிய வழக்கே நடந்தது.

அதற்குக் காரணம் இதுதான். காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம், எங்கள் தோழி ஒருத்தியின் தம்பி காய்ச்சலில் படுத்தான். ஏழு வயதுச் சிறுவன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்பது நாள் நவநாள் செபித்தோம். கெபியில் மெழுகுதிரி ஏற்றினோம். பத்தாம் நாள் அவன் இறந்துபோனான். அதன் பின் பள்ளிக்குத் திரும்பி வந்த எங்கள் தோழி செபமாலையைக் கையில் எடுக்கவில்லை. கடவுள் நல்லவர் என்றால் இது ஏன் நடந்தது என்று மட்டுமே கேட்டாள். எங்களில் யாருக்கும் விடை தெரியவில்லை.

அடுத்த மாதம் ஆண்டுத் தியானம் வந்தது. மூன்று நாளும் மௌனம். அது முடிந்த மாலையே அவள் அதே கேள்வியைக் கேட்டாள். எங்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டாயின. அப்படியெல்லாம் கேட்பது பாவம், அமைதியாய் இருந்தால் இறைவன் தாமே உணர்த்துவார் என்றது ஒரு கட்சி. கேட்காமல் எப்படி அறிவது, நமக்கு மூளையைக் கொடுத்தவரும் அவர்தானே என்றது மறு கட்சி. நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி எங்கள் வழக்கைப் பொறுமையாகக் கேட்டார்கள். தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. அட்டை கிழிந்த பழைய நூல் ஒன்றை எடுத்துத் தந்து, முதலில் இந்தப் புனிதரை அறிந்துகொண்டு வரும்படி அனுப்பிவிட்டார்கள். அந்நூலில் யாம் கற்றதையும், மேலும் தேடி அறிந்ததையும் இங்கே தருகிறோம்.

தோமா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் மயிலாப்பூரோடும் பரங்கிமலையோடும் தொடர்புபடுத்திப் போற்றப்படும் அப்போஸ்தலர் தோமையார் அல்லவா? இவர் அவரல்லர். அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இத்தாலி நாட்டில் பிறந்தவர்.

பிறப்பும் முதற் கேள்வியும்

உரோமைக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடையே அக்குவினோ என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே ரோக்கசெக்கா என்னும் மலைக்கோட்டையில், ஏறத்தாழ 1225-ஆம் ஆண்டில், லாண்டுல்ப் என்னும் பிரபுவுக்கும் தியோடோரா அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார் தோமா. கோட்டைக்குச் சில மைல் தொலைவில் புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய புகழ்பெற்ற மோந்தே கசீனோ மடம் இருந்தது. மகன் ஒருநாள் அம்மடத்தின் அதிபர் ஆகவேண்டும், அதனால் குடும்பத்துக்குச் செல்வாக்கு வளரவேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஆகவே ஐந்து வயதிலேயே பிள்ளையை மடத்தில் விட்டனர்.

ஆசீர்வாதப்பர் மடம் மௌனத்தைப் பொன்போல் காக்கும் இடம். அங்கே சிறுவன் தோமா அதிகம் பேசவில்லையாம். ஆனால் கடவுள் என்றால் என்ன என்று துறவிகளிடம் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தான் என்று மரபாகச் சொல்லி வருகின்றனர். மௌனம் நிலவிய மடத்தில் ஒரு கேள்வி முளைத்தது! அந்தக் கேள்வி அவரைச் சாகும்வரை விடவில்லை என்றால் மிகையாகாது.

1239-ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக்குக்கும் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியாருக்கும் பகை முற்றியது. மடம் போர்வீரர் கையில் சிக்கியது, துறவிகள் விரட்டப்பட்டனர். பதினான்கு வயதுத் தோமா நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அது அதே பேரரசர் 1224-இல் தோற்றுவித்த கல்விக்கூடம். அங்கேதான் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் நூல்கள் அவருக்கு அறிமுகமாயின. அந்நூல்கள் விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என்று அக்காலத்தில் பலர் அஞ்சினர். அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களைக் கற்பிக்கக்கூடாதென்று பாரிஸ் நகரில் 1210-லும் 1215-லும் தடையே விதித்திருந்தனர். தோமா அஞ்சவில்லை. உண்மை எங்கிருந்து வந்தாலும் அது இறைவனிடமிருந்தே வருகிறது என்பது அவருடைய வாழ்நாள் நம்பிக்கை.

கோட்டையில் சிறை

நேப்பிள்ஸில் சாமிநாதர் சபைத் துறவிகளை அவர் கண்டார். அவர்கள் செல்வம் சேர்க்காமல் இரந்துண்டு, ஊர் ஊராகப் போதித்து வந்தவர்கள். 1244-ஆம் ஆண்டில் தோமா அச்சபையில் சேர்ந்தார். பிரபுவின் மகன் பிச்சைக்காரர் கூட்டத்தில் சேர்ந்தானே என்று வீட்டார் கொதித்தனர். பாரிஸ் நோக்கிச் சென்ற அவரைச் சகோதரர்கள் வழிமறித்துப் பிடித்து வந்து, சொந்தக் கோட்டையிலேயே ஏறத்தாழ ஓராண்டு காவலில் வைத்தனர்.

அந்த ஓராண்டை அவர் எவ்வாறு கழித்தார்? கோபித்துக் கூச்சலிடவில்லை. செபித்தார், திருவிவிலியத்தை ஓதி ஓதி மனத்தில் பதித்தார், தம் சகோதரிகளுக்குக் கற்பித்தார். அவர் மனத்தை மாற்றும்படி அனுப்பப்பட்ட சகோதரியே, அவரோடு பேசிப் பேசி மனம் மாறித் துறவறம் பூண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. எங்களுக்கு மூன்று நாள் மௌனமே மூன்று மாதமாகத் தோன்றியது. பிறர் சுமத்திய ஓராண்டுத் தனிமையைத் தம் உள்ளத்தின் அமைதியாக மாற்றிக்கொண்ட இவரை என்னென்பது! முடிவில் தாயாரே கண்டும் காணாததுபோல் இருக்க, சன்னல் வழியே கூடையில் இறங்கித் தப்பினார் என்பர்.

ஊமை மாடு

1245-இல் பாரிஸ் சென்ற தோமா, பின்னர் கொலோன் நகரில் பேரறிஞர் ஆல்பர்ட்டிடம் பயின்றார். தோமா பருத்த உடலும் அமைந்த இயல்பும் உடையவர். வகுப்பில் வாய் திறப்பதில்லை. உடன் பயின்றோர் அவருக்கு ஊமை மாடு என்று பட்டப்பெயர் வைத்தனர். பட்டப்பெயர் வைப்பது நம் காலத்தில் மட்டும் தோன்றிய பழக்கமன்று போலும்!

ஒருநாள் இரக்கமுள்ள மாணவர் ஒருவர் அவருக்குப் பாடம் விளக்க முன்வந்தார். தோமா நன்றியுடன் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரு கடினமான இடத்தில் அம்மாணவரே தடுமாறினார். அப்போது தோமா மெல்லப் பேசத் தொடங்கி, ஆசிரியரைவிடத் தெளிவாக அப்பகுதியை விளக்கினார். வியந்துபோன மாணவர் அன்றுமுதல் தாம் கற்பிப்பதை விட்டு அவரிடம் கற்கலானார். செய்தி ஆசிரியர் ஆல்பர்ட்டின் செவிக்கு எட்டியது. இந்த ஊமை மாட்டின் குரல் ஒருநாள் உலகெங்கும் ஒலிக்கும் என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்.

அவர் பேசாதிருந்தது கேள்வி இல்லாததால் அன்று. கேள்விகள் உள்ளே பழுத்துக்கொண்டிருந்ததால்தான். இதை வாசித்தபோது, எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் பேசாமல் அமர்ந்திருப்போரை நாங்கள் சற்று மரியாதையோடு திரும்பிப் பார்த்தோம்.

வினாக்களின் ஆசான்

1252-இல் மீண்டும் பாரிஸ் சென்ற தோமா, 1256-இல் இறையியல் ஆசிரியரானார். அக்காலப் பாரிஸில் பாடம் நடந்த முறை நம்மை வியக்க வைக்கிறது. ஆசிரியர் ஒரு கேள்வியை முன்வைப்பார். மாணவர்களும் மற்ற ஆசிரியர்களும் எழுந்து மறுப்புகளை அடுக்குவர். எல்லாவற்றையும் கேட்ட பின்னரே, ஆசிரியர் பிறிதொரு நாளில் தம் முடிவைக் கூறுவார். இது தவிர, திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் யாரும் எதையும் கேட்கலாம் என்று பொது வாதங்களும் நடந்தன. அக்காலங்கள் திருச்சபை நம்மை அமைதிக்கும் செபத்துக்கும் அழைக்கும் காலங்கள் அல்லவா? அந்த நாட்களிலேயே கேள்விக்கும் கதவு திறந்திருந்தது. இதைப் படித்ததும் எங்களில் கேள்விக் கட்சியார் கைதட்டினர்.

ஆனால் மௌனக் கட்சியாருக்கும் சான்று கிடைத்தது. தோமா நூலைத் திறக்குமுன் செபிப்பார். விளங்காத இடம் வந்தால் எழுந்துபோய் மீண்டும் செபிப்பார். தம் அறிவில் பெரும்பகுதி படிப்பால் அன்று, செபத்தால் வந்தது என்று அவர் கருதியதாக அவருடைய உற்ற தோழர் ரெஜினால்டு சாட்சி சொல்லியிருக்கிறார்.

பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயி அளித்த விருந்து ஒன்றில் நடந்ததாகச் சொல்லப்படுவது சுவையானது. சுற்றிலும் பேச்சும் சிரிப்புமாக இருக்க, தோமா ஏதோ சிந்தனையில் ஆழ்ந்திருந்தார். திடீரென்று மேசையை ஓங்கித் தட்டி, இத்துடன் மனிக்கேயரின் கொள்கை தீர்ந்தது என்றார். நன்மைக்கு ஒரு கடவுள், தீமைக்கு ஒரு கடவுள் என்று கூறியவர்களே மனிக்கேயர். விருந்தினர் திகைத்தனர். மன்னரோ கோபிக்காமல், அந்த எண்ணம் மறந்துபோகுமுன் குறித்துக்கொள்ள எழுத்தரை வரவழைத்தார். ஆரவாரத்தின் நடுவிலும் அமைதியாயிருக்க முடியும் என்பதையும், அந்த அமைதிக்குள் கேள்வி வேலை செய்யும் என்பதையும் இதனால் அறிகிறோம்.

இன்னொரு செய்தி எங்களுக்கு மிகுந்த ஆறுதல் தந்தது. இவ்வளவு பெரிய அறிஞரின் கையெழுத்து எவராலும் எளிதில் வாசிக்க முடியாத கிறுக்கலாம்! பெரும்பாலான நூல்களை அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுத்தர்கள் எழுதினர்.

சும்மா என்னும் பெருநூல்

ஏறத்தாழ 1265-இல் உரோமையில் இருந்தபோது தம் தலைசிறந்த நூலைத் தொடங்கினார். இலத்தீனில் அதன் பெயர் சும்மா தியலோஜியே. இறையியலின் தொகுப்பு என்று பொருள். பெயரைக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. நம் மொழியில் சும்மா என்றால் பேச்சும் செயலும் அற்று இருப்பது. தாயுமானவர் சும்மா இருத்தலைப் பெரும் பேறாகப் போற்றினார் என்று தமிழ் வகுப்பில் கற்றிருக்கிறோம். இந்தச் சும்மாவோ 512 வினாக்களும், அவற்றுள் 2,600-க்கு மேற்பட்ட உட்பிரிவுகளும் கொண்டது. அதுவும் மேதைகளுக்காக அன்று, தொடக்க மாணவருக்காக எழுதியதாம்!

ஒவ்வொரு பிரிவிலும் முதலில் எதிர்க்கட்சியின் வாதங்களை வைக்கிறார். அவற்றைக் கேலி செய்வதில்லை, குறைத்துச் சொல்வதுமில்லை. எதிரியே சொல்லியிருந்தாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார் என்னும்படி எடுத்துரைக்கிறார். அதன் பின்னரே தம் முடிவையும், ஒவ்வொரு மறுப்புக்கும் உரிய பதிலையும் தருகிறார்.

இங்கேதான் நாங்கள் திகைத்து நின்ற இடம் வருகிறது. கடவுள் இருக்கிறாரா என்பது நூலின் தொடக்கத்திலேயே வரும் கேள்வி. அதற்கு அவர் எழுதிவைத்த முதல் மறுப்பு யாது தெரியுமா? கடவுள் எல்லையற்ற நன்மை என்றால் தீமைக்கு இடமே இருக்கக்கூடாது. உலகிலோ தீமை இருக்கிறது. ஆகவே கடவுள் இல்லை என்பதே அது. எங்கள் தோழி கண்ணீரோடு கேட்ட அதே கேள்வி! பாவம் என்று நாங்கள் அஞ்சிய கேள்வியை, ஒரு புனிதர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் நூலின் வாசலில் முதல் ஆளாக அமர்த்தியிருக்கிறார்.

தீமையிலிருந்தும் நன்மையை உண்டாக்க வல்லவர் ஆதலாலேயே இறைவன் தீமையை அனுமதிக்கிறார் என்று, புனித அகுஸ்தீனாரைப் பின்பற்றி அவர் பதில் தருகிறார். அதை நாங்கள் எங்கள் தோழிக்கு வாசித்துக் காட்டினோம். தன் தம்பி இறந்ததில் என்ன நன்மை என்று கேட்டாள். எங்களால் பதில் கூற முடியவில்லை. அடுத்த வினாவின் தொடக்கத்திலேயே தோமா ஒன்று சொல்கிறார்: கடவுள் எப்படிப்பட்டவர் அல்லர் என்பதை நாம் அறியலாமே தவிர, அவர் எப்படிப்பட்டவர் என்பதை அறிய முடியாது. ஐந்து வயதில் கேட்ட கேள்விக்கு முழு விடை இவ்வுலகில் இல்லை என்று ஒப்புக்கொண்ட பின்னும், அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

நற்கருணைக் கவிஞர்

1264-ஆம் ஆண்டில் பாப்பரசர் நான்காம் உர்பானார் நற்கருணைப் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். அவ்விழாவுக்குரிய செபங்களையும் பாடல்களையும் இயற்றியவர் தோமாவே என்பர். நற்கருணை ஆசீரின்போது சாம்பிராணிப் புகையின் நடுவே நாம் முழந்தாளிட்டுப் பாடும் பாடல், அவருடைய இலத்தீன் பாடல் ஒன்றின் இறுதி இரண்டு பத்திகளின் தமிழ் வடிவமாகும். அறிவு எட்டாத இடத்தில் விசுவாசம் கைகொடுக்கும் என்பதே அதன் கருத்து. ஆயிரம் வினா எழுப்பியவர் அதே வாயால் ஆராதித்தார் என்பதை, அடுத்த முறை பாடும்போது நினைத்துக்கொள்வோம்.

பேனா ஓய்ந்தது

1273-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், புனித நிக்கோலாஸ் திருநாள். நேப்பிள்ஸில் காலைத் திருப்பலி நிறைவேற்றிய தோமாவுக்கு ஏதோ நேர்ந்தது. என்ன கண்டார் என்பதை அவர் விளக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் எழுதுவதை விட்டுவிட்டார். பெருநூலின் மூன்றாம் பாகம், பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிய பகுதியில் பாதியில் நின்றது. தொடர்ந்து எழுதும்படி ரெஜினால்டு கெஞ்சினார். தாம் கண்டதற்கு முன் தாம் எழுதியவை யாவும் வைக்கோலாகத் தோன்றுவதாகக் கூறி மறுத்துவிட்டார் தோமா. சும்மா எழுதியவர் சும்மா இருந்தார்!

இதைப் படித்ததும் மௌனக் கட்சியார் தாங்களே வென்றதாக மகிழ்ந்தனர். எல்லாம் வைக்கோல் என்று அவரே சொல்லிவிட்டாரே! ஆனால் வரலாறு இன்னும் முடியவில்லை.

1274-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லியோன் பொதுச் சங்கத்துக்கு வருமாறு பாப்பரசர் பத்தாம் கிரகோரியார் அவரை அழைத்தார். உடல் நலம் குன்றியிருந்தும் புறப்பட்டார். வழியில் மோந்தே கசீனோ மட அதிபரிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. இறைவன் அனைத்தையும் முன்னறிந்திருக்க, மனிதனுக்குச் சுதந்திரம் எப்படி இருக்கமுடியும் என்பதைப் பற்றிப் பெரிய கிரகோரியார் எழுதிய ஒரு பகுதி அம்மடத்துத் துறவிகளுக்கு விளங்கவில்லை. எழுதுவதையே விட்டுவிட்ட தோமா என்ன செய்தார்? எல்லாம் வைக்கோல், கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. பொறுமையோடு ஒரு கடிதத்தில் விளக்கம் தந்தார். அதுவே அவருடைய கடைசி எழுத்து என்பர். ஐந்து வயதில் எந்த மடத்தில் கேள்வி கேட்டாரோ, அதே மடத்தார் கேட்ட கேள்விக்குத் தம் இறுதி நாட்களில் பதில் எழுதினார்!

எங்கள் வழக்குக்கு இங்கேதான் தீர்ப்புக் கிடைத்தது. மௌனம் அவர் தமக்கென ஏற்றுக்கொண்டது. அதைப் பிறர் வாய்க்குப் பூட்டாகப் போடவில்லை. தம்முடைய கேள்விகள் அடங்கிய பின்னும் பிறருடைய கேள்வியை மதித்தார்.

நோய் முற்றவே, போசனோவா என்னும் ஊரிலிருந்த துறவியர் மடத்தில் தங்கினார். நற்கருணை உட்கொண்டு, தாம் எழுதியவற்றையெல்லாம் திருச்சபையின் தீர்ப்புக்கு ஒப்படைத்துவிட்டு, 1274 மார்ச் 7-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது ஐம்பதுகூட நிறையவில்லை.

அவர் இறந்து மூன்றே ஆண்டுகளில், 1277-இல், பாரிஸ் ஆயர் கண்டனம் செய்த 219 கருத்துகளில் சில அவருடைய போதனையையும் தொட்டன. ஆனால் உண்மை நிலைத்தது. 1323-இல் அவருக்குப் புனிதர் பட்டமும், 1567-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டமும் வழங்கப்பட்டன. 1880-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ அவரைக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். ஆகவே அவர் நம் பள்ளிக்கும் பாதுகாவலர். சனவரி 28 அவருடைய திருநாள்.

முடிவுரை

அன்புத் தோழியரே! எங்கள் தோழியின் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு மாற்றங்கள் நேர்ந்துள்ளன. அவள் கேட்கும்போது இப்போது நாங்கள் யாரும் உஷ் என்று அடக்குவதில்லை. அவசரப்பட்டுப் பதில் சொல்வதுமில்லை. மாலையில் மணி அடித்ததும் அவளோடு சிற்றாலயத்துக்குச் சென்று, கடைசிப் பலகையில் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். செபமாலையை அவள் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் நாங்கள் அழைப்பதற்கு முன்பே அங்கே வந்து அமர்ந்திருந்தாள்.

கேட்கத் தெரிந்த வாயையும், காத்திருக்கத் தெரிந்த உள்ளத்தையும் நம் பாதுகாவலர் நமக்கு இறைவனிடமிருந்து பெற்றுத் தருவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி